இறையியல் மாணவரும் தமிழும்

கிள்ளான் வட்டாரத்தில் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவன் ஒருவன் இப்பொழுது கிறிஸ்தவ இறையியலில் இளநிலைப் பட்டத்துக்குப் படித்து வருகிறான். சென்ற விடுமுறையில் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். “ஐயா, கருத்தைப் பேராசிரியர் பார்த்துக்கொள்வார், தமிழ்ப் பிழையை மட்டும் திருத்திக் கொடுங்கள்” என்றான். நான் சைவன். கிறிஸ்தவ மறையை ஆராய்ந்து தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும் முப்பதாண்டு சிவப்பு மையோடு வாழ்ந்தவனுக்குப் பிழை திருத்தும் தகுதி உண்டல்லவா? வாங்கி வைத்தேன்.

கட்டுரையின் பொருள், தமிழ்ப் பக்தி நெறியும் கிறிஸ்தவமும் என்பது. மூன்றாம் பக்கத்தில் சில வரிகள் உள்தள்ளி எழுதப்பட்டிருந்தன. மொழி தட்டுத் தடுமாறியது. ஓசையும் இல்லை, உரைநடையின் தெளிவும் இல்லை. யாருடைய வரிகள் என்று கேட்டேன். மாணிக்கவாசகர் என்றான். திடுக்கிட்டேன். பிறகுதான் செய்தி வெளிப்பட்டது. அவன் படித்த ஆங்கில நூலில் திருவாசகப் பாடல் ஒன்று ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரப்பட்டிருக்கிறது. அந்த ஆங்கிலத்தை இவன் மீண்டும் தமிழாக்கியிருக்கிறான். மூலம் தன் தாய்மொழியில் இருக்கிறது என்பதை அறிவான். அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எவரும் அவனுக்கு அதைச் சொல்லவுமில்லை. நான் எழுந்துபோய் அலமாரியிலிருந்த திருவாசகத்தை எடுத்து, அப்பாடலைத் தேடி அவன்முன் விரித்து வைத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “இது இவ்வளவு எளிதாகவா இருக்கிறது, ஐயா?” என்றான்.

இவனைக் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. ஆறாம் வகுப்போடு தமிழ்வழிக் கல்வி முடிகிறது. இடைநிலைப் பள்ளியில் தேசிய மொழியிற் பாடம். தமிழ், வாரத்தில் சில மணி நேரம் கிடைத்தால் நற்பேறு. எஸ்.பி.எம். தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதி நல்ல தேர்ச்சி பெற்றவன்தான் இவன். அதன்பின் இறையியற் கல்லூரி. அங்கே அவன் படிக்கும் பாடங்களைக் கேட்டறிந்தேன். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, கோட்பாட்டு இறையியல், அறவியல், மறையுரை ஆற்றும் கலை, மேய்ப்புப் பணி. ஞாயிறுதோறும் ஒரு சபையிற் களப்பணி. இவற்றோடு கிரேக்கமும் எபிரேயமும். கிரேக்கத்தில் 24 எழுத்துகளையும் எழுதிக் காட்டினான். ‘அவிழ்’ என்று பொருள்படும் ‘லூஓ’ என்னும் வினையை மூவிடத்திலும் இரு எண்ணிலும் மடமடவென்று ஒப்பித்தான். கேட்க மகிழ்ச்சியாகவே இருந்தது. அதே கட்டுரையில் ‘கிடைக்க பெற்றான்’ என்று ஒற்றில்லாமல் எட்டு இடங்களில் எழுதியிருந்தான்.

பாட அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எந்தக் கல்லூரி என்பது ஈண்டு வேண்டா. தமிழ் என்றொரு பாடம் அதில் இல்லை. தமிழ்ச் சபைக்குப் போதகனாகப் போகிறவனுக்குக் கிரேக்கம் கற்பிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. தமிழ் மட்டும் இரத்தத்தில் ஊறி வந்துவிடும் என்று நம்பியிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதையே இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

சொற்களிலிருந்தே தொடங்குவோம். கிறிஸ்தவர் தமிழில் இறைவனை என்ன சொல்லி அழைப்பது என்பது நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கு. 1578இல் கொல்லத்தில் அச்சான அன்றீக்கு அடிகளாரின் நூலுக்குப் பெயரே ‘தம்பிரான் வணக்கம்’. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி ‘சர்வேசுரன்’ என்றார். அதே ஆண்டுக் கணக்கில் சரியாக நூறாண்டு கழித்து, 1706இல், தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் அச்சொல்லையே ஆண்டார். பின்வந்த பப்ரீசியசு ‘பராபரன்’ என்றார். 1850இல் வெளிவந்த பெர்சிவல் பாதிரியாரின் பெயர்ப்பில் ‘தேவன்’ வந்தது. அப்பெயர்ப்புக்கு உடனிருந்து உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் என்பதை எத்தனை இறையியல் மாணவர் அறிவார்? அப்பெயர்ப்பைச் சபைகள் பெரிதும் ஏற்கவில்லையாயினும், ‘தேவன்’ என்னும் சொல் 1871இல் பவர் தலைமையில் முடிந்த ஐக்கியப் பெயர்ப்பின் வழியாக நிலைபெற்றது. இருபதாம் நூற்றாண்டில் லார்சன் முதலியோர் செய்த திருத்தத்தில் ‘கடவுள்’ என்னும் சொல் வந்தது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி வெளியிட்ட திருவிவிலியத்திலும் ‘கடவுள்’ என்றே காண்கிறோம்.

இந்த லார்சன் யார் என்பதும் கருதத்தக்கது. 1910இல் தோன்றிய பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரிக்கு முதல்வராயிருந்தவர் அவர், டேனிசு நாட்டவர். ஆங்கிலத்தில் இறையியல் கற்பித்த கல்லூரியின் தலைமையை விட்டுவிட்டுப் பின்னாளில் தமிழ் வேதாகமத் திருத்தத்தில் அமர்ந்தார். ஐரோப்பியர் ஒருவருக்கு விளங்கிய தேவை நம்மவர்க்கு விளங்க இத்தனை காலமா?

நம் ஊரிலேயே இவ்வரலாறு கண்முன் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸில் உள்ள சீயோன் லுத்தரன் ஆலயம், தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லுத்தரன்களின் வழிவந்தது. பப்ரீசியசின் பெயர்ப்பை எளிதில் விட்டுக்கொடுக்காத மரபு அது. அதே பிரிக்பீல்ட்ஸில் தமிழ் மெதடிஸ்டு ஆலயமும் உண்டு. அங்குள்ளோர் ‘தேவன்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள். கிள்ளானுக்குச் சென்றால் லூர்து அன்னை ஆலயம். அங்குள்ள முதியவர்கள் தம் பாட்டன்மார் ‘சர்வேசுரன்’ என்று செபித்ததை நினைவுகூர்வர். இன்று ‘கடவுள்’ என்கின்றனர். ஓர் இரயில் பாதையின் ஓரத்தில் இத்தனை சொற்கள்! ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வாதம் இருக்கிறது. ‘தேவன்’ என்றால் தேவர் கூட்டத்தில் ஒருவன் என்று தமிழர் கருதிவிடுவரோ என்பது ஓர் அச்சம். ‘பராபரன்’ வேதாந்த வாடை வீசுமோ என்பது இன்னோர் அச்சம். இந்த வாதங்களைப் படிப்பதே ஓர் இறையியல் வகுப்பு. என் மாணவனோ ஒரே பத்தியில் ‘தேவன்’, ‘கடவுள்’, ‘இறைவன்’ மூன்றையும் மாற்றி மாற்றி எழுதியிருந்தான். காரணம் கேட்டேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று ஆறாம் வகுப்பில் நான்தான் சொல்லிக் கொடுத்தேனாம்!

அடுத்து ‘கிருபை’. கிரேக்கத்தில் ‘காரிஸ்’ என்பது, தகுதி நோக்காது வழங்கப்படும் கொடை. பழைய பெயர்ப்பு அதனைக் ‘கிருபை’ என்றது. புதிய பெயர்ப்பு ‘அருள்’ என்கிறது. ‘அகாப்பே’ என்னும் மற்றொரு சொல்லுக்கு ‘அன்பு’ என்று பெரும்பாலும் வழங்குகின்றனர். இங்கேதான் தமிழ் கற்றவன் சற்று நிற்க வேண்டும். வள்ளுவர் அன்புடைமையை இல்லறத்தில் வைத்தார். அருளுடைமையைத் துறவறத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரம் எதற்கு? பரிமேலழகர் காட்டும் வேறுபாட்டின்படி, தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பு. தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள். இந்த அளவுகோலைக் கொண்டு நற்செய்தி நூல்களை அளந்து பாருங்கள். பகைவனிடத்தும் காட்டுக என்று இயேசு கற்பித்தது பரிமேலழகர் கணக்கில் அன்பா, அருளா? அருள் என்றே விடை வரும். அங்ஙனமாயின் ‘அகாப்பே’யும் ‘காரிஸ்’ஸும் ஒரே தமிழ்ச் சொல்லின் வாயிலில் வந்து மோதுகின்றன. எதை எங்கே நிறுத்துவது? அன்பு என்னும் சொல்லின் எல்லையையே கிறிஸ்தவம் விரித்துவிட்டது என்று ஒருவர் வாதிடலாம். அதுவும் ஏற்புடைய வாதமே. வள்ளுவர் அன்பை அருளுக்குத் தாயாக்கினார் என்பதை வைத்து இரண்டையும் இணைக்கவும் கூடும். எவ்வழியாயினும் அது தமிழில் மட்டுமே நிகழக்கூடிய இறையியற் சிந்தனை; எந்த ஆங்கில நூலிலும் இதற்கு விடை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். என் மாணவன் கட்டுரையில் கண்டது ‘கிருபையின் அருள்’ என்னும் தொடர். நீரின் தண்ணீர் என்பது போல.

இலக்கணத்துக்கு வருவோம். ‘நான் இரட்சிக்கப்பட்டேன்’ என்பது சபைகளில் நாள்தோறும் கேட்கும் வாக்கியம். தமிழுக்குச் செயப்பாட்டு வினை உண்டெனினும், பேச்சில் அதனை நாம் அரிதாகவே ஆளுகிறோம். ‘சோறு அம்மாவால் ஆக்கப்பட்டது’ என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. ஆகவே ‘இரட்சிக்கப்பட்டேன்’, ‘நீதிமானாக்கப்பட்டேன்’ என்பவற்றை மாற்றித் தூய தமிழாக்க வேண்டும் என்று எழுதினான் என் மாணவன். நல்லதுதான். மாற்றி என்ன எழுதினான்? ‘நான் மீண்டேன்’ என்று எழுதினான். செந்தமிழ்தான், ஐயமில்லை. ஆனால் மீள்தல் தன்வினை, மீட்டல் பிறவினை. ‘மீண்டேன்’ என்றால் நானே எழுந்து திரும்பி வந்துவிட்டேன் என்றாகிறது. பவுலடிகள் உரோமருக்கு எழுதிய மடலில் வாதிடுவதோ இதற்கு நேர்மாறு: மனிதன் தானாக மீள முடியாது, செய்பவர் வேறொருவர் என்பது. லூதர் இம்மடலைப் பிடித்துக்கொண்டு 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பூசலில் மேலைத் திருச்சபையே பிளந்தது. அந்தப் பூசல் முழுவதும், ள் என்னும் ஒற்று ட் ஆக மாறுகிறதா என்பதில் நம் இலக்கணத்தில் அடங்கிக் கிடக்கிறது!

‘அவர் என்னை மீட்டார்’ என்று எழுதலாமே என்றேன். செய்தவரை எழுவாயாக்கிவிட்டால் ‘படு’ வேண்டா, கோட்பாடும் கெடாது, தமிழும் தமிழாக நிற்கும். தன்வினை பிறவினை நாம் நான்காம் ஐந்தாம் வகுப்பிலேயே தொட்டுக் காட்டும் பாடம். கல்லூரியில் கிரேக்க வினைக்குச் செய்வினை, செயப்பாட்டு வினை, இடைவினை என்று மூன்று பாங்கு உண்டெனப் படிக்கிறவன், தன் மொழியின் வினைப்பாங்கை அதன் அருகே வைத்து ஒப்பிடக் கற்பிக்கப்படவில்லை. கற்பித்திருந்தால் அவன் கிரேக்கமும் இன்னும் தெளிவாயிருக்கும்.

இங்கே என்னையும் நான் திருத்திக்கொள்ள வேண்டும். எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி, “ரச்சிக்கப்பட்டவ நான்” என்று வெற்றிலை மென்றுகொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் வாயில் அது செயற்கையாக ஒலிக்கவில்லை. 1871ஆம் ஆண்டுத் தமிழ் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு அவருக்கு வீட்டுத் தமிழாகிவிட்டது. சுவிசேஷம், விசுவாசம், ஞானஸ்நானம் ஆகிய சொற்கள் வடமொழி என்பதற்காக அவற்றை ஒரே நாளில் வெட்டியெறிந்து நற்செய்தி, நம்பிக்கை, திருமுழுக்கு என்று நட்டுவிட்டால், மரணப்படுக்கையில் அப்பாட்டிக்குச் சொல்ல வேண்டிய சொல்லைப் போதகன் எங்கே தேடுவான்? மறைமலையடிகள் வழியில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் இதில் விரைவு கூடாது. போதகனுக்கு இரண்டு வழக்கும் தெரிய வேண்டும். எதனை எவரிடம் ஆள்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழா ஆங்கிலமா என்னும் இவ்வழக்கு ஊழியப் பயிற்சியில் புதிதன்று. சீகன்பால்கு 1716இலேயே தரங்கம்பாடியில் உள்ளூர் ஊழியரைப் பயிற்றும் பள்ளி ஒன்றை நிறுவினார். அம்மிஷனில் 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன். அந்நாளில் பட்டம் என்றால் குருப்பட்டம்தான். கல்லூரிப் பட்டம் என்னும் எண்ணம் சீராம்பூரிலிருந்து வந்தது. 1818இல் கேரி முதலியோர் தொடங்கிய அக்கல்லூரிக்கு 1827இல் டேனிசு மன்னர் பட்டம் வழங்கும் உரிமை அளித்தார். எனினும் இறையியற் பட்டம் முதன்முதல் வழங்கப்பட்டது 1915இல்தான்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் நடத்தத் தொடங்கிய செமினரியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இரயில்வே எழுத்தர்களாக மலாயா வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியமர்ந்த யாழ்ப்பாணத்தாரின் முன்னோர் சிலர் பயின்ற இடமாகவும் அது இருந்திருக்கும். ஆங்கிலமும் அறிவியலும் தமிழும் அங்கு ஒருங்கே கற்பிக்கப்பட்டன. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆண்டர்சன் குழு, ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகின்றனர், ஊர்ச் சபைக்கு வேண்டியது தாய்மொழிப் பயிற்சியே என்று கருதியது, செமினரி மூடப்பட்டது. தாய்மொழியின் பெயரால் ஒரு பெருங்கல்விக் கூடத்தை மூடிய இச்செயலை என்னால் போற்ற முடியவில்லை. ஏனெனில் அங்கே படித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான இருவரில் ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. அவர் பாதிரியாராகவில்லை, சைவராகிக் கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். செமினரியின் நோக்கில் அது தோல்விதான். தமிழின் நோக்கில்? இரு மொழியும் ஆழக் கற்ற ஒருவன் என்ன செய்ய வல்லவன் என்பதற்கு அதனினும் சான்று வேண்டா. தமிழ் மட்டும் போதும் என்று மூடுவதும் பிழை. தமிழ் தானாக வரும் என்று விட்டுவிடுவதும் பிழை.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டாவது பிழையே ஓங்கியது. பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் ஆய்ந்து, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான அ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் கண்டு 1927இல் எழுதிய நூல் ஆங்கில நூல். சென்னை மேயராயிருந்த சக்கரை, இயேசுவை அவதாரமாக விளக்கி எழுதியதும் ஆங்கிலத்திலேயே. தமிழ் அடியார்களிடம் எடுத்ததை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். அதை ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழாக்கி என் மாணவன் தவிக்கிறான். கிறிஸ்தவத் தமிழில் இறையியல் இல்லாமலில்லை. பெஸ்கியின் தேம்பாவணி இருக்கிறது. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இருக்கிறது. அவற்றை இலக்கிய வரலாற்றில் சேர்த்துவிட்டோம், இறையியலில் சேர்க்கவில்லை. இவ்விரண்டையும் என் மாணவன் பெயரளவில்கூட அறியவில்லை என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாயிருக்கிறது. ஆறாண்டு என்னிடம் இருந்தவன் அல்லவா?

மாற்று முயற்சி இல்லையென்று கூறிவிட முடியாது. 1969இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியற் கல்லூரி, தமிழிலேயே இறையியற் பட்டக் கல்வி அளிக்க முன்வந்தது. அங்கே பேராசிரியராயிருந்து 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்னும் புனைபெயரில் நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். பண்டிதத் தமிழை விட்டு உழைக்கும் மக்களின் தமிழில் இறையியல் பேசலாம் என்று அவர் காட்டினார். தோட்டத்து லயங்களில் பிறந்த நமக்கு இது சிந்திக்கத் தக்கது. நான் வள்ளுவரையும் பரிமேலழகரையும் காட்டினேன். அவர் தெம்மாங்கைக் காட்டுவார். இரண்டில் எது மேல் என்று கேட்டால், எனக்குப் பழகிய பக்கம் நான் சாய்வேன்.

நம் நாட்டிலும் கல்லூரிகள் உண்டு. 1960இல் தொடங்கிய வேதாகமக் கல்லூரி பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, லுத்தரன் சபையார் சேர்ந்து 1979இல் நிறுவிய மலேசிய இறையியற் கல்லூரி இன்று சிரம்பானில் இயங்குகிறது. இத்தகைய கல்லூரிகள் எவையாயினும், தமிழ்ச் சபைக்கு ஆளனுப்ப எண்ணினால், அம்மாணவருக்கு முதலிரண்டாண்டில் தமிழைத் தேர்வுக்குரிய பாடமாக வைத்தல் வேண்டும். விவிலியப் பெயர்ப்புகளில் ஒரே அதிகாரத்தை நான்கு காலத்துத் தமிழில் ஒப்பிடுவது ஒரு தாள். திருவாசகமும் தேம்பாவணியும் சில பகுதிகளாவது மூலத்திற் படிப்பது ஒரு தாள். தோட்டத்து முதியவர் ஒருவருடன் பேசி, அவர் சொற்களிலேயே எழுதிக் கொடுப்பது ஒரு பயிற்சி. ஆசிரியர் கிடைக்கவில்லை என்பார்கள். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை எத்தனை பேர் சும்மா இருக்கிறோம். எனக்கும் இன்னும் சில ஆண்டுதான்.

என் மாணவன் மறுவாரம் வந்தான். உள்தள்ளிய வரிகளை அடித்துவிட்டு மூலப் பாடலையே எழுதியிருந்தான். அதற்குக் கீழே தன் விளக்கம் ஒரு பக்கம் நீண்டிருந்தது. முன்பு மூன்று வரியே இருந்தது. ஒற்றுப் பிழை இரண்டு. அடுத்த தவணையில் உரோமர் மடலைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுத வேண்டுமாம். ஆங்கிலத்திலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம் என்று கல்லூரியில் விட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் நூல்கள் நிறைய, மதிப்பெண்ணும் எளிது என்கிறான். எதில் எழுதப்போகிறாய் என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை, ஐயா என்றான்.